முக்கால் கல்லா, அரைக் கல்லா? கொங்கிறீட்டுக்குக் கல்லின் அளவைத் தெரிவு செய்யும் முறை

கம்பிக்கும் கம்பிக்கும் இடையிலும், கம்பிக்கும் பலகைக்கும் இடையிலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் கல்லுக்கு ஓர்டர் கொடுக்கக்கூடாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீடு கட்டுகிற பலர் "முக்கால் கல்லு நாலு கியூப்" (ஒரு கியூப் 100 கன அடி) என்று ஒரே வாயில் சொல்லி, அத்திவாரத்திலிருந்து வேலித்தூண் வரை அதையே போட்டு முடிக்கிறார்கள். பெரும்பாலான இடங்களுக்கு அது பொருந்தும், உண்மைதான். பொருந்தாத இடங்கள்தான் நாலைந்து வருடத்தில் கறள் வடிந்து, வெடித்து நிற்கின்றன. பீமும் தூணும் சந்திக்கிற மூலை, கம்பி இரட்டித்துக் கட்டிய (நீளம் போதாமல் இரண்டு கம்பியின் முனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டிய) இடம், மெல்லிய மூடிச் சிலப், கிணற்று வளையம் எல்லாம் அந்த வகை. ஒரு சாதாரண வீட்டுக்கு இரண்டு அளவுக் கல்லாவது தேவைப்படும். எதை எங்கே போடுவது என்பதைக் கம்பி கட்டி முடிந்த கையோடு ஒரு அளவு நாடாவைக் கொண்டே முடிவு செய்துவிடலாம்.

கல்லின் பெயரும் உண்மையான அளவும்

நம்முடைய பக்கத்தில் கல்லுக்குப் பெயர் அங்குலத்தில்தான். பொறியியலாளர் தரும் படத்தில் அது மில்லிமீற்றரில் இருக்கும். ஒன்றரைக் கல்லு என்பது 37.5 மி.மீ., ஒரு அங்குலக் கல்லு 25 மி.மீ., முக்கால் கல்லு 20 மி.மீ., அரைக் கல்லு 12 முதல் 14 மி.மீ., சிப்ஸ் என்று கேட்டால் 10 மி.மீ. அளவில் வரும். அதற்கும் கீழே உள்ளது குவாரி டஸ்ட்.

இந்த எண் கல்லின் ஆகக் கூடிய அளவைத்தான் சொல்கிறது. "20 மி.மீ. கல்லு" என்றால் எல்லாக் கல்லும் 20 மி.மீ. என்று பொருளில்லை, கல்லில் பெரும்பகுதி 20 மி.மீ. சல்லடைக்குள் விழும் என்று பொருள். நல்ல லோட்டில் 20இலிருந்து 5 மி.மீ. வரை பல அளவுக் கற்கள் கலந்திருக்கும். பெரிய கல்லின் இடைவெளியைச் சின்னக் கல்லு நிரப்ப, அதன் இடைவெளியை மணல் நிரப்ப, மிச்சத்தைச் சீமெந்துப் பசை பிடிக்கும். எல்லாம் ஒரே அளவாக, பார்க்க அழகாக வருகிற கல்லை "நல்ல கல்லு" என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தக் கல்லுக்கு இடைவெளி அதிகம், ஆகவே மணலும் சீமெந்தும் கூடக் கேட்கும்.

ஏபிசி என்று டிப்பர்காரர் சொல்வது வீதிக்குப் போடும் கலவை. ஒன்றரை அங்குலத்திலிருந்து தூள் வரை எல்லாம் அதில் இருக்கும். விலை குறைவு என்று அதை அத்திவாரத்தின் அடியில் போடும் ஸ்கிரீட்டுக்குள் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள தூள் சீமெந்தைத் தின்றுவிடும். கொங்கிறீட் எதற்கும் அது வேண்டாம்.

அளக்கவேண்டியவை மூன்று

முதலாவது, கொங்கிறீட் போடும் உறுப்பின் ஆகக் குறைந்த தடிப்பு. கல்லின் அளவு அதில் நாலிலொன்றைத் தாண்டக்கூடாது. 5 அங்குலச் சிலப் 125 மி.மீ., நாலிலொன்று 31 மி.மீ.; முக்கால் கல்லு தாராளமாகப் போகும். 2 அங்குல மூடிச் சிலப் 50 மி.மீ., நாலிலொன்று 12.5 மி.மீ.; முக்கால் கல்லு கூடாது, அரைக் கல்லே மட்டுமட்டுத்தான், சிப்ஸ் நல்லது.

இரண்டாவது, கம்பிகளுக்கு இடையிலான வெறும் இடைவெளி. நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கக்கூடாது. ஒரு கம்பியின் விளிம்பிலிருந்து அடுத்த கம்பியின் விளிம்புவரை அளக்கவேண்டும். அந்த இடைவெளி கல்லின் அளவைவிட 5 மி.மீ. ஆவது கூட இருக்கவேண்டும். முக்கால் கல்லுக்கு 25 மி.மீ. வேண்டும், அரைக் கல்லுக்கு 19, சிப்ஸுக்கு 15.

மூன்றாவது, கவர், அதாவது கம்பிக்கும் பலகைக்கும் இடையிலுள்ள தூரம். கவர் கட்டையின் தடிப்பைவிடக் கல்லு பெரிதாக இருந்தால் கல்லு கம்பியின் அடியில் புகாது. புகுந்தாலும் கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் செருகி நின்று, பின்னால் வருகிற கலவையையும் மறித்துவிடும். கல்லின் அளவு கவரைவிட ஒரு 5 மி.மீ. குறைவாக இருந்தால் நிம்மதி. 20 மி.மீ. கவரில் 20 மி.மீ. கல்லு போடுவது விளிம்பில் நிற்பது.

இந்த மூன்றிலும் எது ஆகக் குறைந்த அளவைத் தருகிறதோ அதுவே உங்கள் கல்லு.

ஒரு பீமைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்

9 அங்குல அகலப் பீம். மி.மீ. கணக்கில் 225. கவர் இரு பக்கமும் 25, வளையக்கம்பி 6 மி.மீ. என்றால் உள்ளே மிஞ்சுவது 225 − 50 − 12 = 163 மி.மீ. அடியில் 16 மி.மீ. கம்பி நாலு போகிறது. அவை பிடிக்கும் இடம் 64. மீதி 99 மி.மீ. மூன்று இடைவெளிக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் 33 மி.மீ. முக்கால் கல்லு நன்றாக இறங்கும்.

இதே பீம் காத்தான்குடியிலோ கல்முனையிலோ கடற்பக்கமாக இருக்கிறது என்று வையுங்கள். உப்புக் காற்றுக்குப் பயந்து பொறியியலாளர் கவரை 40 ஆக்குவார், அது சரியான முடிவு. இப்போது உள்ளே மிஞ்சுவது 225 − 80 − 12 = 133. நாலு கம்பிக்கு 64 போக 69; மூன்றாகப் பிரித்தால் 23 மி.மீ. முக்கால் கல்லுக்குத் தேவையான 25 இல்லை. பீமின் அகலத்தையும் கம்பியையும் மாற்றாமல் கவரை மட்டும் கூட்டினால் கல்லின் அளவும் மாறவேண்டும். இந்தப் பீமுக்கு 14 மி.மீ. கல்லு, அல்லது கம்பியை இரண்டு அடுக்காக்குவது பற்றிப் பொறியியலாளரிடம் கேட்கவேண்டும். கவரைக் குறைத்துச் சமாளிப்பதும், மேசனே தன் பாட்டில் ஒரு கம்பியைக் கழற்றுவதும் தீர்வாகாது.

இன்னும் மோசமான இடம் கம்பி இரட்டிப்பு. நாலு கம்பியையும் ஒரே இடத்தில் இரட்டித்துக் கட்டினால், 25 மி.மீ. கவர் உள்ள பீமிலேயே எட்டுக் கம்பி வரிசையாக 128 மி.மீ. பிடித்துவிடும். மிச்சம் 35, சோடிகளுக்கு நடுவில் ஆளுக்கு 12 மி.மீ. கூட இல்லை. அதற்குள் முக்கால் கல்லு எப்படிப் போகும்? மேலே கல்லு தங்கி, அடியில் வெறும் பசை இறங்கும், அல்லது அதுவும் இறங்காது. இரட்டிப்பை ஒரே இடத்தில் விழவிடாமல் இரண்டு கம்பியை ஒரு இடத்திலும் மற்ற இரண்டைத் தள்ளியும் கட்டினால் இடைவெளி 22 மி.மீ. ஆகும். அந்தப் பகுதிக்கு மட்டும் அரைக் கல்லுக் கலவை போட்டால் வேலை சுத்தமாக முடியும். கம்பி கட்டுகிறவரிடம் இதைக் கட்டுவதற்கு முன்பே சொல்லவேண்டும். பலகை அடித்த பிறகு யாரும் அவிழ்த்துக் கட்டமாட்டார்கள்.

கணக்குப் பார்க்கப் பொறுமையில்லாதவர்கள் ஒரு வேலை செய்யலாம். வந்த லோட்டிலிருந்து ஆகப் பெரிய கல்லு பத்தைப் பொறுக்கி எடுத்து, கட்டிய கம்பிக்குள் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அடியில் போய் விழவேண்டும். இரண்டு மூன்று சிக்கினாலே அந்த இடத்துக்கு அந்தக் கல்லு சரிவராது.

எந்த வேலைக்கு எது

அத்திவாரக் கிடங்கின் அடியில் போடும் ஸ்கிரீட் கொங்கிறீட்டுக்கு 1:3:6 (சீமெந்து, மணல், கல்லு என்ற வரிசையில்), ஒன்றரைக் கல்லு. கம்பி இல்லை, பாரம் பரப்புவதுதான் வேலை, ஆகவே நாலிலொன்று விதியை இங்கே பார்ப்பதில்லை. 3 அங்குலத் தடிப்புக்குக் குறைந்தால் ஒன்றரைக் கல்லைச் சமப்படுத்த முடியாது. அப்போது முக்கால் கல்லு. அதற்குமேல் கட்டும் கருங்கல் கட்டுக்கு 6×9 கல்லு, அது வேறு கணக்கு.

தூணின் பேஸ் 12 அங்குலத் தடிப்பு, கம்பி 6 அங்குல இடைவெளி, கவர் 50 மி.மீ. என்று வைத்தால் ஒன்றரைக் கல்லும் விதிப்படி போகும். ஆனாலும் முக்கால் கல்லே போடச் சொல்வோம். கரையோர மணலில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அந்தத் தண்ணீர் உப்பாகவும் இருக்கலாம். அங்கே கொங்கிறீட் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு காலம் கம்பி நிற்கும். ஒன்றரைக் கல்லில் மிச்சப்படும் சீமெந்துக்காக அந்த நெருக்கத்தை விடவேண்டியதில்லை.

9×9 தூணில் நாலு 12 மி.மீ. கம்பி இருந்தால் நடுவில் இடம் தாராளம், முக்கால் கல்லு போதும். தூணின் சிக்கல் நடுவில் இல்லை. அடியிலும், பீம் சேரும் தலையிலும்தான். தலையில் தூணின் கம்பி, நாலு பக்கத்துப் பீமின் கம்பி, வளையக்கம்பி எல்லாம் ஒரு சாண் இடத்தில் சேர்கின்றன. அங்கே மேலிருந்து பார்த்தால் பலகையின் அடி தெரியவேண்டும். தெரியாவிட்டால் அந்த மூலைக்கு அரைக் கல்லு அல்லது சிப்ஸ் கலவை தனியாகக் கலந்து, பொக்கர் (கலவையை அதிர்த்து இறுக்கும் கருவி) வைத்து இறக்கவேண்டும்.

சிலப்புக்கு முக்கால் கல்லு. இங்கே குழப்புவது மின்சாரப் பைப். அடிக்கம்பியோடு ஒட்டி, அதே திசையில் பைப்பை இழுத்துக் கட்டிவிடுவார்கள். கம்பிக்கும் பைப்புக்கும் நடுவில் கல்லு மாட்டி, அடியில் நீளமாக ஒரு வெற்றிடம் விழும். பைப்பைக் கம்பியிலிருந்து 2 அங்குலம் விலக்கிக் கட்டச் சொல்லுங்கள். கம்பியைக் குறுக்கே கடந்து போனால் பரவாயில்லை.

லின்டல், அதாவது கதவு யன்னலுக்கு மேல் வரும் சின்னப் பீம், 6×6 என்றால் முக்கால் கல்லு விதிப்படி போகும், கவர் 25 சரியாக நின்றால். நிற்பதில்லை என்பதுதான் அனுபவம். சின்னப் பலகைக்குள் கம்பிக்கூடு ஒரு பக்கம் சரிந்துவிடும். அரைக் கல்லு போட்டால் அந்தச் சரிவையும் ஓரளவு தாங்கும்.

4×4 வேலித்தூண், கிணற்று வளையம், கழிவுக்குழி மூடி, குசினி மேடைச் சிலப், கானுக்கு மேல் போடும் மூடி இவை எல்லாம் சிப்ஸ் வேலை. முக்கால் கல்லில் வார்த்த வேலித்தூணை அடையாளம் காண்பது சுலபம்: மூலைகள் உதிர்ந்து, கம்பி கறள்பிடித்து, நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கும். கவரே 15, 20 மி.மீ. உள்ள உறுப்பில் 20 மி.மீ. கல்லு போட்டால் வேறு என்ன நடக்கும்!

அப்படியானால் எல்லாவற்றுக்கும் சிப்ஸ் போடலாமா?

கூடாது. கல்லு சின்னதாகச் சின்னதாக, அதே கன அளவுக் கல்லுக்கு வெளிப்பரப்புக் கூடிக்கொண்டே போகும். அந்தப் பரப்பு முழுவதையும் நனைக்கத் தண்ணீர் வேண்டும், பூசப் பசை வேண்டும். ஒரே இளக்கத்துக்கு 20 மி.மீ. உடைகல்லைவிட 10 மி.மீ. உடைகல்லு ஒரு கன மீற்றர் கொங்கிறீட்டுக்குச் சுமார் 20 லீற்றர் தண்ணீர் கூடக் கேட்கும். தண்ணீரை மட்டும் கூட்டினால் பலம் இறங்கும். பலத்தைக் காக்கச் சீமெந்தையும் கூட்டவேண்டும்: தண்ணீர்–சீமெந்து விகிதம் 0.55 என்று வைத்தால் கன மீற்றருக்கு 36 கிலோ, அதாவது ஒரு கியூப் கொங்கிறீட்டுக்கு 50 கிலோச் சீமெந்துப் பக்கெற் இரண்டு கூட. தண்ணீர் கூடிய கலவை காயும்போது சுருங்குவதும் கூட. பெரிய சிலப்பில் மயிர்வெடிப்பு வரும். ஆகவே இடம் அனுமதிக்கும் ஆகப் பெரிய கல்லைப் போடுவதுதான் முறை, முக்கால் அங்குலம் வரை. பீம், தூண், சிலப் எதிலும் அதற்குமேல் போகத் தேவையில்லை.

சிப்ஸ் போடும்போது விகிதமும் மாறவேண்டும். 1:2:4 என்பது முக்கால் கல்லுக்குப் பழகிய விகிதம். சிப்ஸுக்கு 1:2:3 வையுங்கள். நாலு பெட்டி சிப்ஸ் போட்டால் கலவை வறண்டு நிற்கும், கலக்குகிறவர் உடனே தண்ணீர் வாளியைத் தூக்குவார்.

லோட் வந்ததும், பறிப்பதற்கு முன்பும் பின்பும்

இங்கே வரும் கல்லின் பெரும்பகுதி படுவான்கரைப் பக்கத்திலிருந்தும் அம்பாறையின் உட்பகுதிகளிலிருந்தும் வருகிற நைஸ் (gneiss) என்னும் வகைப் பாறை. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி விஜயன் தொகுதி எனப்படும் பழைய பாறைத் தொகுதிமேல்தான் இருக்கிறது. நல்ல உறுதியான கல்லு. இரண்டு குறை மட்டும் பார்க்கவேண்டும். சில பாறையில் கருமினுக்கம், அதாவது மைக்கா, பட்டை பட்டையாக ஓடும். அந்தப் பட்டையில் கல்லு தகடு தகடாகப் பிளக்கும், சீமெந்தும் பிடிக்காது. மேற்படையிலிருந்து எடுத்த கல்லு மஞ்சளாக, பழுப்பாக மக்கியிருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல கல்லு கணீரென்று கேட்கும், மக்கியது பொத்தென்று உடைந்து மண்ணாகும். நூறு கல்லில் நாலைந்து அப்படி இருந்தால் பொறுக்கி எறியலாம். அதற்குமேல் என்றால் லோட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

அளவு பார்க்கச் சல்லடை மூன்று போதும்: 20, 10, 5 மி.மீ. கண்ணுள்ள வலையை மரச்சட்டத்தில் அடித்து வைத்துக்கொள்ளலாம். குவியலின் அடியில் பெரிய கல்லு உருண்டு கிடக்கும், ஆகவே ஒரே இடத்தில் அள்ளக்கூடாது. மேல், நடு, அடி மூன்றிலும் கொஞ்சம் உள்ளே தோண்டி எடுத்துக் கலந்து 10 கிலோ நிறுத்துக்கொள்ளுங்கள். 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்ட பழைய பிரித்தானிய நியமம் பிஎஸ் 882, 20இலிருந்து 5 வரை தரப்படுத்திய கல்லுக்குச் சொன்ன எல்லையை இந்த 10 கிலோவுக்கு மாற்றினால் இப்படி வரும். 20 மி.மீ. வலையில் தங்குவது 1 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. 10 மி.மீ. வலையில் விழுவது 3 கிலோவிலிருந்து 6 கிலோவுக்குள் இருக்கவேண்டும். 5 மி.மீ. வலையில் விழுவது 1 கிலோவைத் தாண்டக்கூடாது.

10 மி.மீ. வலையில் 1 கிலோதான் விழுகிறது என்றால் அது ஒற்றை அளவுக் கல்லு. திருப்பி அனுப்பத் தேவையில்லை. அதோடு சிப்ஸ் வாங்கி, முக்கால் கல்லு இரண்டு பெட்டிக்குச் சிப்ஸ் ஒரு பெட்டி என்று கலந்தால் இடைவெளி நிரம்பும். சல்லடை இல்லாதவர்கள் 10 லீற்றர் வாளியில் கல்லை விளிம்புவரை நிரப்பி, மேலே தெரியும்வரை தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். கல்லு காய்ந்திருந்தால் கொஞ்சம் நனைத்துவிட்டுச் செய்யுங்கள். 4 லீற்றர் அளவில் பிடித்தால் நல்ல கலப்பு; நாலரையைத் தாண்டினால் சிப்ஸ் சேர்க்கவேண்டிய கல்லு.

அடுத்தது வடிவம். நல்ல கல்லு எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். தட்டைக் கல்லு என்பது அளவோடு ஒப்பிடத் தடிப்புக் குறைந்தது; முக்கால் கல்லில் 10 மி.மீ. தடிப்புக்குக் குறைந்ததைத் தட்டை என்று எடுத்துக்கொள்ளலாம். 10 கிலோவில் தட்டை 4 கிலோவைத் தாண்டினால் பிஎஸ் 882 ஏற்கவில்லை. தட்டைக் கல்லு கம்பிமேல் படுத்துக்கொள்ளும், அதன் அடியில் தண்ணீர் தேங்கிக் காய்ந்து வெற்றிடம் விடும். பொக்கர் பிடித்தாலும் புரளாது.

தூள்தான் எல்லோரும் கவனிக்காமல் விடுகிற விடயம். வெயிலில் கல்லு வெள்ளையாகத் தெரிவது தூளால்தான். 5 கிலோ காய்ந்த கல்லை எடுத்து, கழுவிய தண்ணீர் தெளியும்வரை கழுவி, காயவைத்துத் திரும்ப நிறுங்கள். 200 கிராமுக்கு மேல் குறைந்தால், அதாவது 4 வீதத்துக்கு மேல் என்றால், லோட் முழுவதையும் கழுவவேண்டும். தூள் கல்லைச் சுற்றித் தோல்போல ஒட்டிக்கொண்டு, சீமெந்தைக் கல்லில் பிடிக்கவிடாது. கழுவுகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கவேண்டும். வாவிக்கரைக் கிணற்றில் உவர்ப்புத் தட்டினால் அது கல்லுக் கழுவவும் வேண்டாம், கலக்கவும் வேண்டாம். அந்த உப்பு நேரே கம்பிக்குத்தான் போகும்.

எங்கே பறிப்பது என்பதும் முக்கியம். கரையோரத்தில் வளவு முழுவதும் கடல்மணல். வெறும் நிலத்தில் பறித்தால் கடைசி அரை அடிக் கல்லோடு உப்பு மணலும் மம்பட்டியில் ஏறும். தார்ப்பாய் அல்லது பழைய தகரம் விரித்துப் பறியுங்கள். முக்கால் கல்லும் சிப்ஸும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நடுவில் ஒரு பலகை நிறுத்துங்கள்.

டிப்பருக்குப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். நடு வீதியில் லோட் மறிபட்டால் கொங்கிறீட் போட வந்த ஆட்களின் நாட்கூலி உங்கள் தலையில்.

கியூப் கணக்கு

ஒரு கியூப் என்பது 100 கன அடி, 2.83 கன மீற்றர். டிப்பரின் பெட்டிக்குள் நீளம், அகலம், கல்லை மட்டமாக்கினால் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 100ஆல் பிரியுங்கள். 10 அடி × 6 அடி × 2 1/2 அடி என்றால் 150 கன அடி, ஒன்றரைக் கியூப். நடுவில் கூம்பாகத் தெரிவதை உயரமாக எடுக்கக்கூடாது. ஒரு கியூப் கல்லு நாலு தொன்னிலிருந்து நாலரைத் தொன் வரை நிறுக்கும். சின்ன வாகனத்தில் மூன்று கியூப் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துப் பாருங்கள்.

1:2:4இல் ஒரு கியூப் கொங்கிறீட்டுக்கு முக்கால் கல்லு 0.9 கியூப், மணல் 0.45 கியூப், சீமெந்து 18 பக்கெற் போகும். 1:1 1/2:3இல் கல்லு 0.85, மணல் 0.43 கியூப், சீமெந்து 22 அல்லது 23 பக்கெற். 20 அடிக்கு 15 அடி, 5 அங்குலத் தடிப்புச் சிலப் 125 கன அடி. 1:2:4 என்றால் கல்லு 1.13, சேதாரத்தோடு 1.2 கியூப், மணல் 0.6, சீமெந்து 24 பக்கெற். பீமுக்குள் இறங்குவதைத் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டவேண்டும். மூலைகளுக்கு அரைக் கல்லு அல்லது சிப்ஸ் கால் கியூப் இருந்தால் ஒரு சாதாரண வீட்டுச் சிலப்புக்குப் போதும்.

பெட்டியும் தண்ணீரும்

50 கிலோச் சீமெந்துப் பக்கெற் ஒன்று 1 1/4 கன அடி. 12 × 12 × 15 அங்குல உள்ளளவில் பலகைப் பெட்டி ஒன்று அடித்துக்கொண்டால் ஒரு பக்கெற்றுக்கு மணல் 2 பெட்டி, கல்லு 4 பெட்டி. தாச்சிக் கணக்கில் போட்டால் காலையில் குவித்த தாச்சி, பின்னேரம் ஆள் களைத்ததும் பாதித் தாச்சி ஆகிவிடும். ஈர மணல் உப்பி நிற்கும் என்பதால் மழைநாளில் பெட்டியைக் கொஞ்சம் கூட்டி அளக்கவேண்டும்.

பக்கெற்றுக்குத் தண்ணீர் 27 லீற்றரிலிருந்து 30 லீற்றருக்குள். இது மணலிலும் கல்லிலும் உள்ள ஈரத்தையும் சேர்த்து. மாரியில், ஐப்பசி தொடங்கித் தை வரை, நனைந்து கிடக்கும் மணலிலிருந்து நாலு லீற்றரும் கல்லிலிருந்து இரண்டு லீற்றரும் தானாகவே வந்துவிடும். அப்போது ஊற்றவேண்டியது 21இலிருந்து 24 லீற்றர்தான்.

கச்சான் காற்று வீசும் நாட்களில் இதற்கு எதிர்மாறு. வெயிலில் கிடந்த கல்லு கைவைக்க முடியாமல் சுடும், கலவையில் விழுந்ததும் தண்ணீரை உறிஞ்சிவிடும். கலவை இறுகி, கம்பிக்குள் இறங்காமல் நிற்கும். ஆட்கள் தண்ணீர் ஊற்றுவார்கள். முதல்நாள் பின்னேரமும் அன்று விடியவும் கல்லை நனைத்து வையுங்கள். கலக்கும்போது கல்லின் மேல் தண்ணீர் மினுங்கக்கூடாது, உள்ளே மட்டும் ஈரம் இருக்கவேண்டும். சிலப்பை விடியற்காலையில் தொடங்கிக் காற்று எழும்பமுன் முடிப்பது நல்லது.

பலகை கழற்றியபின்

கல்லு சரியாக இருந்தும் தூணின் அடியில் தேன்கூடு, அதாவது பசை நிரம்பாமல் கல்லு பொந்து பொந்தாகத் தெரியும் இடம், விழுவது உண்டு. 10 அடி உயரத்திலிருந்து கலவையைக் கொட்டினால் கல்லு கம்பியில் அடிபட்டுத் தனியாகவும் பசை தனியாகவும் விழும். ஒரே தடவையில் 5 அடிக்கு மேல் விழவிடாமல், பலகையின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துப் போடுங்கள். தூணின் முதல் 2 அங்குலத்துக்குக் கல்லைப் பாதியாகக் குறைத்த கலவையை இறக்கினால் அடிமூலை நிரம்பும். பொக்கரை ஒன்றரை அடிக்கு ஒரு தடவை நேராக இறக்கி, குமிழி நின்றதும் மெதுவாக எடுக்கவேண்டும். பொக்கரால் கலவையைப் பக்கவாட்டில் தள்ளினால் கல்லு ஒரு பக்கம், சீமெந்துப் பால் ஒரு பக்கம்.

தேன்கூடு தெரிந்தால் மேலால் சாந்து பூசி மறைக்காதீர்கள். பூச்சுக்குப் பின்னால் காற்றும் உப்பும் போய்க்கொண்டேயிருக்கும். தளர்ந்த கல்லெல்லாம் உதிரும்வரை உளியால் கொத்தி, விளிம்பைச் சதுரமாக வெட்டி, தூசைக் கழுவி, ஒருநாள் ஈரமாக வைத்து, அதன்பின் 10 மி.மீ. சிப்ஸ் போட்ட 1:1 1/2:3 கலவையைத் தண்ணீர் குறைத்து இறுக்கி அடையுங்கள். ஏழு நாள் சாக்கு போட்டு நனையுங்கள். கொத்தும்போது கம்பியின் பின்பக்கம் வரை பொந்து போனால், அல்லது தூணின் தலையில் பீம் சேருமிடத்தில் அது இருந்தால், வேலையை நிறுத்தி, மேலுள்ள பாரத்துக்கு முட்டுக் கொடுத்து, பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும்.